டம்ளர் பிரிக்கத் தெரிந்தவர்

என் கை சும்மா இருக்காது. இன்றைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டுக் கிழிசலை நோண்டிக்கொண்டுதான் வருவேன். தபால் கந்தோரில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பேனாவின் நூலில் நாலு முடிச்சுப் போடாமல் திரும்பியதில்லை. சின்ன வயதில் இதற்காக வாங்கிய அடிக்குக் கணக்கு வழக்கில்லை. அடித்து அலுத்துப்போன அம்மா, வீட்டுக்கு யார் வந்தாலும் "இவ கையில எதையும் குடுத்துறாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடும் பழக்கத்துக்கு வந்திருந்தாள். அந்தக் கை செய்த காரியங்களில் பெரும்பாலானவை எனக்கே மறந்துவிட்டன. இரண்டு மட்டும் மறக்கவில்லை. ஒன்று ஓர் அடி, மற்றது ஒரு வரி.

அடி விழுந்தது சித்தப்பாவின் டிரம்பெட் மேல். அப்போது எனக்கு ஒன்பது வயது.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். பாண் ரொட்டிக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நின்ற வருஷங்கள் அவை. பன்னிரண்டு அறைகள் வரிசையாக ஒட்டியிருந்த லயத்தில் ஏழாவது காம்பரா எங்களுடையது. அதில் அப்பா, அம்மா, நான், கல்யாணத்துக்குக் காத்திருந்த அத்தை, அப்பாவின் தம்பியான சித்தப்பா என்று ஐந்து பேர். சித்தப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் டிரையர் ரூமில் வேலை. அதைவிட முக்கியமாக, தோட்டத்து பேண்ட் செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர் அவர். பேண்ட் செட் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்த ஒரு டிரம்பெட்டும் நாலு மேளமும்தான். மேளக்காரர்கள் நாலு பேருக்கும் டிரம்பெட் மேல் பொறாமை உண்டு, அது வேறு கதை.

சித்தப்பாவுக்கு ஷிப்ட் வேலை இருக்கும் நாட்களில் மேல் லயத்துச் செல்லையா ஊதுவார். இருவரும் ஒரே வயது, ஒரே வகுப்பில் ஒன்றாகப் பெயிலானவர்கள். ஒரு பீடியைப் பாதிப் பாதியாக இழுப்பார்கள். டிரம்பெட்டின் முனையில் செருகிக் கழற்றுகிற சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு, மவுத்பீஸ் என்பார்கள். அதில் உதட்டை வைத்து அழுத்தித்தான் ஊத வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே மவுத்பீஸ்தான். ஒருவர் ஊதிக் கொடுத்ததை மற்றவர் சட்டையில் ஒரு தேய் தேய்த்துவிட்டு ஊதுவார்.

இதில் ஒரு விசேஷம் இருந்தது. எங்கள் லயத்தில் யாரும் டம்ளரில் வாய் வைத்துக் குடிப்பதில்லை. தண்ணீரானாலும் சூடான தேத்தண்ணியானாலும் அண்ணாந்துதான். எச்சில் பட்டால் அந்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும். யார் வீட்டில் யார் கை நனைக்கலாம் என்பதற்கும் பெரியவர்களிடம் வாய்விட்டுச் சொல்லாத சட்டம் ஒன்று இருந்தது. அந்தச் சட்டப்படி செல்லையா எங்கள் இஸ்தோப்போடு நிற்க வேண்டியவர். காம்பராவுக்கு முன்னால் கூரை இறக்கிய அந்தச் சின்ன இடத்தில் குந்தி உட்கார்ந்து பேசுவார், உள்ளே வரமாட்டார். ஆனால் டிரம்பெட்டை அண்ணாந்து ஊத முடியாது. அதனால் எட்டு வருஷமாக ஊர்ச்சட்டம் அந்த ஒரு பித்தளைக் கிண்ணத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தது.

அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் சித்தப்பா பதுளைக்குப் போய்ப் புது மவுத்பீஸ் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். தனக்கில்லை, செல்லையாவுக்கு.

"இனிமே நீ இதுல ஊது மாப்ள. என்னோடதத் தொடாத."

செல்லையா முதலில் சிரித்தார். வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்திருப்பார். பிறகு பீடியையும் சித்தப்பா தனியாகப் பற்றவைக்க ஆரம்பித்தார், கொஞ்ச நாளில் பீடியையே விட்டுவிட்டார். வீட்டிலும் தனித் தட்டு எடுத்து வைத்துக்கொண்டார். அந்தக் குளிரில் இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுத்தார். கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்திருப்பதாகவும், சித்திரையில் போகப்போவதாகவும் சொன்னார். "கண்டிக்குப் போறதுக்கு முந்தியே தம்பி கண்டிக்காரரா மாறிட்டாரு" என்று அம்மா குத்தலாகச் சொன்னாள். அத்தைக்கு ஹாலிஎலப் பக்கம் ஒரு நல்ல இடத்தில் சம்பந்தம் பேசி ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அதனால்தான் இந்தத் திடீர்ச் சுத்தம் என்று மேல் லயத்தில் பேசிக்கொண்டார்கள். எட்டு வருஷம் இனித்த எச்சில் இப்போது கசக்கிறதாக்கும் என்று செல்லையாவின் அம்மா குழாயடியில் எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்.

செல்லையா புது மவுத்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார், ஊதுவார், போவார். குந்தி உட்காருவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

கோயில் தேர் சனிக்கிழமை. சித்தப்பா கண்டிக்குப் போவதும் அதே சனிக்கிழமை காலைக் கோச்சி ரயிலில். தேரன்றைக்கே கிளம்புகிற மனிதர் மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அம்மாவும் அத்தையும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலுக்கடியில் கட்டம்போட்ட லுங்கிச் சாரத்தில் சுற்றி வைத்திருந்த டிரம்பெட்டை இழுத்தேன்.

முதலில் ஊதிப் பார்த்தேன். ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இன்னும் கொஞ்சம் கன்னத்தை உப்பி ஊதினேன், கொஞ்சம் நல்ல சத்தம் வந்தது. அதற்குமேல் வரவில்லை. தற்செயலாக உள்ளங்கையால் மவுத்பீஸ் மேல் ஒரு தட்டுத் தட்டினேன். குழாய்க்குள்ளிருந்து 'ப்ளொக்' என்று அருமையான சத்தம் ஒன்று வந்தது. அவ்வளவுதான், என் கைக்கு வேலை கிடைத்துவிட்டது. ப்ளொக், ப்ளொக் என்று தட்டிக்கொண்டே இருந்தேன். கண்டிக்கு ஒரு அடி, துணிக்கடைக்கு ஒரு அடி, சித்தப்பாவுக்கு ஒரு அடி. கடைசி அடியை உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி அடித்தேன். மவுத்பீஸ் உள்ளே போய் இறுகிவிட்டது. இழுத்தேன், திருகினேன், பல்லால் கடித்துக்கூடப் பார்த்தேன். அசையவில்லை. சாரத்தில் சுற்றி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புத்தகத்தோடு என்னைப் பார்த்தாலே வீட்டில் சந்தேகம் வந்துவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை.

சித்தப்பா வந்து, குளித்து, டிரம்பெட்டை எடுத்தார். செல்லையாவிடம் கொடுப்பதற்காகத் தன் மவுத்பீஸைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை. என் பக்கம் திரும்பினார். அடி விழும் என்று தோளை ஒடுக்கிக்கொண்டேன். அவர் கேட்டது வேறு.

"வாய் வச்சியா?"

"இல்ல."

"நெசமாவா பாப்பா?"

"நெசமா. தட்டுனேன், அவ்வளவுதான்."

என் கண்ணைப் பார்க்காமல் உதட்டையே பார்த்தார். அப்புறம் நீளமாக மூச்சு விட்டார். டிரம்பெட்டைக் கெடுத்ததற்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. தப்பித்தோம் என்று எனக்குச் சந்தோஷம்.

துணியைச் சுற்றி முறுக்கினார், தேங்காய் எண்ணெய் விட்டார், விறகுக்கட்டையால் மெல்லத் தட்டினார். கடைசியில் அம்மாவிடம் வெந்நீர் கேட்டார். கொதிக்கக் கொதிக்க வாங்கி மவுத்பீஸின் மேல் ஊற்றினார். ஒரு கேத்தல் தீர்ந்ததும் இன்னொன்று வைக்கச் சொன்னார், அதற்கப்புறம் மூன்றாவது.

இதுதான் யாருக்கும் புரியவில்லை. ஏனென்றால் லயம் முழுக்க டம்ளர் பிரிக்கிற ஆள் சித்தப்பாதான். இரண்டு டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டு அழுத்திச் சிக்கவைப்பது என் கையின் நிரந்தரத் தொழில். ஒவ்வொரு தடவையும் அவர் உள் டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீர்ச் சட்டியில் நிறுத்திவைத்துப் பூப்போலக் கழற்றுவார். வெளியே இருப்பது சூட்டில் பெருக்கும், உள்ளே இருப்பது குளிரில் சுருங்கும் என்று எனக்குப் பாடமே எடுத்திருக்கிறார். இங்கே குழாய் வெளியே, மவுத்பீஸ் உள்ளே. சுடவைக்க வேண்டியது குழாயை. மூன்றாம் வகுப்புக்காரி எனக்கே தெரிந்தது, டிரையர் ரூமில் நெருப்போடு பிழைக்கிறவருக்குத் தெரியவில்லை.

"விறகு என்ன சும்மாவா வருது? தப்பான பக்கத்துல ஊத்திக்கிட்டு நிக்கிறீங்களே தம்பி" என்றாள் அம்மா.

"இருக்கட்டும் மதினி. இன்னொரு கேத்தல் வைங்க."

அந்த நேரத்தில்தான் செல்லையா வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கையை நீட்டினார்.

"வரலன்னா விடு. நான் இதுலயே ஊதிக்கிறேன்."

"கூடாது."

"ஏன் கூடாது?"

"என் வாய் வச்சது."

"எட்டு வருஷமா நான் வைக்காத வாயா?"

சித்தப்பா மூன்றாவது கேத்தலை ஊற்றிக்கொண்டே இருந்தார். அக்கம்பக்கத்துக் காம்பராக்களில் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. செல்லையா நீட்டிய கையை மடக்கிச் சட்டைப் பையில் விட்டார்.

"சரிங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கழட்டிக் குடுத்தீங்கன்னா ஊதுறேன். இல்லன்னா தேரு மேளத்தோட போகட்டும்."

அவர் சித்தப்பாவை நீங்க என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மரியாதை கூடியிருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. கெடுத்தவள் நீதானே, நீயும் வா என்று சித்தப்பா என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். நடையா அது, ஓட்டம். அவருக்கு மூச்சு வாங்கியது, நின்றார், மறுபடி ஓடினார். முதலில் ஃபெக்டரிக்குப் போனோம். அங்கே ஃபிட்டர் வேலை பார்த்த சிங்களவரை எல்லோரும் பாஸ் என்போம். அவர் டிரம்பெட்டை இரும்புப் பிடியில் வைத்து, இறுக்கப் போய், நிறுத்திக்கொண்டார். "இது மெல்லிசு. முறுக்கினா குழாயும் சேந்து முறுக்கிட்டு வரும். நான் மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பஸ் பிடித்துப் பதுளைக்குப் போனோம். பஸ்ஸில் என் கை சீட்டை நோண்டியது, சித்தப்பாவின் கை மடியிலிருந்த டிரம்பெட்டின் முனையை விடாமல் திருகிக்கொண்டே வந்தது. அன்றைக்கு எங்கள் இருவருக்கும் ஒரே கை.

சந்தைப் பக்கம் பிரைமஸ் அடுப்பும் கிராமபோனும் பழுதுபார்க்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் இருந்தார். தோட்டத்து ஆட்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். செல்லையாவுக்கு வாங்கிய புது மவுத்பீஸைக் கொழும்பிலிருந்து வரவழைத்துக் கொடுத்தவரும் அவர்தான். டிரம்பெட்டைக் கையில் வாங்கி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"சுடுதண்ணி ஊத்தினீங்களா தம்பி?"

"ஊத்துனேன்."

"எங்கன?"

"மவுத்பீஸ்ல."

நானா கடகடவென்று சிரித்தார். "தலகீழா வேல பாத்திரிக்கீங்களே. உள்ளுக்கு இரிக்கிறதச் சுட வச்சா அது பெருத்து இன்னும் இறுகித்தானே போகும்?"

எனக்கு அவமானமாக இருந்தது. சித்தப்பாவுக்கு அதெல்லாம் தெரியும், டம்ளர் எல்லாம் பிரிப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். சித்தப்பா என் தோளை அழுத்தினார். "ஆமா நானா, தெரியாமப் போச்சு" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

நானா பக்கத்துக் கூல்டிரிங்ஸ் கடையில் ஐஸ் வாங்கிவரச் சொன்னார். அதை உடைத்து மவுத்பீஸின் கிண்ணத்தில் அடைத்துத் துணியால் கட்டினார். வெந்நீரில் நனைத்த துணியைக் குழாயின் முனையில் சுற்றி, ஆற ஆற மாற்றினார். மரக்கட்டையால் சுற்றிலும் டொக்டொக்கென்று தட்டினார். சித்தப்பா கடை வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லி நானா இரண்டு தடவை சொல்லியும் உட்காரவில்லை. அரைமணி நேரம் இருக்கும். நானா துணியை அவிழ்த்து ஒரு திருகு திருகினார். 'டக்' என்று மவுத்பீஸ் கையோடு வந்துவிட்டது.

நானாவுக்கு ஒரே பெருமை. மவுத்பீஸைச் சாரத்தில் துடைத்தார், மறுபடி மெல்லச் செருகினார், ஊதிப் பார்க்க வாய்ப்பக்கம் கொண்டுபோனார். சித்தப்பா பாய்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வேணாம் நானா."

நானா சித்தப்பாவைப் பார்த்தார், பிடித்திருந்த கையைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வடிந்துவிட்டது. "சரி தம்பி. ஒங்கட சாமான்" என்று டிரம்பெட்டை மேசையில் வைத்துவிட்டு அடுத்த அடுப்பை எடுத்துக்கொண்டார். ஒரே நாளுக்குள் இரண்டு பேரை அவமானப்படுத்திவிட்டாரே, இவருக்கு எவ்வளவு திமிர் என்று எனக்கு அவர்மேல் வெறுப்பே வந்தது.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் ஆற்றுப் பாலம். சித்தப்பா நடுப்பாலத்தில் நின்று, தன் மவுத்பீஸைப் பையிலிருந்து எடுத்துக் கீழே போட்டுவிட்டார். கை தவறி விழவில்லை, தெரிந்தே போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் போட்டீங்க? எனக்குக் குடுத்திருக்கலாம்ல. நேத்து நான் ஊதுனப்ப நல்லாத்தான் சத்தம் வந்துச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. சித்தப்பா திரும்பினார்.

"ஊதுனியா?"

 கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் சித்தப்பா என்னை அடித்ததே இல்லை. கையைப் பிடித்துத் தரதரவென்று பாலத்தடியில் இருந்த தேத்தண்ணிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். சுடுதண்ணியில் உப்பைக் கொட்டிக் கொப்பளிக்கச் சொன்னார். துப்பினேன். மறுபடி என்றார். நாக்கு வெந்துபோய் அழுதேன். கடைக்காரர் "புள்ளய விடுங்க" என்று அதட்டியும் கேட்கவில்லை, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்றார். டிரம்பெட்டைக் கெடுத்ததற்கு அடிக்காத மனிதர் ஒரு ஊது ஊதியதற்கு இவ்வளவு செய்வாரா என்று பஸ்ஸில் வழிநெடுக நினைத்து நினைத்து அழுதேன். அவர் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார்.

சாயங்காலம் செல்லையா வந்து டிரம்பெட்டை இரண்டு விரலால் தூக்கினார். தன் மவுத்பீஸைச் செருகினார். போய்விட்டார். மறுநாள் காலைக் கோச்சிக்குச் சித்தப்பாவை வழியனுப்ப அவர் வரவில்லை, நானும் போகவில்லை. அன்று தேரில் செல்லையா ஊதியமாதிரி யாரும் எந்நாளும் ஊதியதில்லை என்று லயத்தில் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். எனக்கென்னவோ அவர் யாரையோ திட்டுகிறமாதிரிதான் கேட்டது.

கண்டியிலிருந்து மாதாமாதம் கடிதம் வரும். அப்பாவுக்கு எழுதுவார், எல்லோரையும் விசாரிப்பார். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். பாப்பாவுக்கு இருமல் ஏதும் இருக்கிறதா? தேர் எப்படி நடந்தது, வகுப்பில் நான் எத்தனையாம் பிள்ளையாக வந்தேன், அதெல்லாம் இல்லை. அறைந்ததற்கு ஒரு வார்த்தையும் இல்லை. எனக்கு என்றைக்கோ வந்துபோன சளித் தடிமனை நினைத்துக்கொண்டு கேட்கிறார் போலிருக்கிறது என்று எரிச்சலாக வரும். ஆவணியில் அத்தை கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. கடையில் லீவு இல்லையாம். எல்லோரும் போட்டோவுக்கு நின்றபோது அவர் இடத்தில் யாரோ ஒரு மாமா நின்றார்.

அப்பா எழுதுகிற பதிலை மடித்து, ஒட்டி, தபாலில் போடுவது என் வேலை. புரட்டாசியில் ஒரு நாள் ஒட்டுவதற்கு முன்னால் என் கை சும்மா இருக்கவில்லை. கடிதத்தின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. 'சித்தப்பா, எனக்கு ஒரு மாதமாக இருமல்' என்று எழுதினேன். அப்படியாவது வரட்டும் என்றுதான்.

அவர் இருந்தது துணிக்கடையில் இல்லை, கண்டிப் பக்கம் ஒரு காச ஆஸ்பத்திரியில். இதை அம்மா எனக்குச் சொன்னது நான் பெரியவளாகிச் சில வருஷம் கழித்து. அத்தை கல்யாணம் முடிந்த பிறகுதான் அம்மாவுக்கே அப்பா சொல்லியிருக்கிறார். பொங்கலுக்கு முன்பே சித்தப்பா இருமலில் ரத்தத்தைப் பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கட்டில் காலியாகும் தேதிதான் அந்தச் சனிக்கிழமை. சயக்காரன் பிறந்த வீட்டில் பெண் எடுக்க அந்தக் காலத்தில் யாரும் துணியமாட்டார்கள். விஷயம் ஒரு வாய்க்குப் போனால் பன்னிரண்டு காம்பராவுக்கும் போய்விடும். அதனால் அண்ணன் ஒருவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, செல்லையாவிடமும் சொல்லவில்லை. கிருமி உள்ளவன் என்று தெரிவதைவிடத் திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்குவது தங்கைக்கு நல்லது என்று முடிவெடுத்திருக்கிறார். மூன்று கேத்தல் வெந்நீரையும் அவர் ஊற்றியது கழற்றுவதற்கில்லை. ஒருவேளை கழலாமலே போய், செல்லையா அதில்தான் ஊத வேண்டி வந்தால், அதற்குள் இருப்பது சாகட்டும் என்று ஊற்றியிருக்கிறார்.

அந்த நோய் எச்சில் பட்ட பாத்திரத்தில் தொற்றுவதில்லை, மூச்சில் தொற்றுவது என்று பிற்பாடு ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். இஸ்தோப்புக்குப் போவதற்கு முன் மாதக்கணக்கில் அவர் எங்கள் எல்லோருக்கும் நடுவில்தான் இருமிக்கொண்டு படுத்திருந்தார். காவல் காத்ததெல்லாம் அந்தப் பித்தளைக் கிண்ணத்தை மட்டும். யாருக்கும் ஒன்றும் வரவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம்.

தீபாவளிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்களாம். என் வரியைப் படித்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்ததில் கட்டில் போய்விட்டது. மறுபடி இடம் கிடைத்து, முதலிலிருந்து ஊசி போட்டு, அவர் குணமாகி வந்தது அடுத்த பொங்கலும் தாண்டித்தான். கார்த்திகையிலேயே செல்லையா குடும்பத்துக்கு, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, இந்தியாவுக்கே போய்விட நாள் வந்துவிட்டது. போகிற அன்று டிரம்பெட்டைக் கோயிலில் ஒப்படைத்துவிட்டு எங்கள் இஸ்தோப்பு வரைக்கும் வந்தார். மவுத்பீஸை ஒரு பேப்பரில் சுற்றித் திண்டில் வைத்தார். "அவுங்க பொருள் அவுங்களுக்கே இருக்கட்டும்னு சொல்லிருங்க அக்கா" என்றார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அத்தை கல்யாணமாகி மூன்றே மாதம். வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்து அம்மா சாகும்வரை அழுதாள். சித்தப்பா திரும்பி வந்ததும் இந்தியாவுக்கு எத்தனையோ கடிதம் போட்டார். எதற்கும் பதில் வரவில்லை, சரியான விலாசம்தானா என்றும் தெரியாது. அந்த மவுத்பீஸில் அவர் ஒரு நாளும் வாய் வைக்கவில்லை. தீபாவளிக்கே அவர் வந்திருந்தால் அப்போது செல்லையா இங்கேதான் இருந்திருப்பார் என்று நான் எண்ணாத வருஷம் இல்லை.

இதெல்லாம் தெரியாத புரட்டாசி மாதத்து நடுப்பகல் ஒன்றுதான் எனக்கு அடிக்கடி வருகிறது. நான் லயத்து வாசலில் தனியாகக் கல் அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலோரச் சாக்கடைக் கானுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது தெரிந்து நிமிர்ந்தால் சித்தப்பா. கையில் பை இல்லை, தோளில் ஒரு துவாய் மட்டும். முகமெல்லாம் வியர்வை. வாங்க என்று ஓடப் போனேன். கிட்ட வராதே என்று கையைக் காட்டினார்.

"இருமு பாப்போம்."

என் வரி வேலை செய்துவிட்டது என்று எனக்குக் குதூகலம். இருமினேன். அவர் முகம் ஒருமாதிரி ஆனது. நம்பிவிட்டார், இனிப் போகமாட்டார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நன்றாக இருமினேன். மார்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, எங்கள் லயத்து மாரியாயி கிழவி இருமுகிறமாதிரி இழுத்து இழுத்து ஆறேழு தடவை. சித்தப்பா கானின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் அம்மா கொழுந்துக் கூடையோடு பகல் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாள். அவரைக் கண்டதும் கூடையைக் கீழே போட்டாள். "ஏன் தம்பி வந்தீங்க? இவளுக்கா இருமல்? இவ கல்லு மாதிரி இருக்கா, ஒரு தும்மல்கூட இல்ல" என்றாள். குட்டு வெளிப்பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தப்பா என்னையே பார்த்தார். பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது, துவாயை வாயில் வைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க, நிறுத்த முடியாமல் இருமினார். என்னைப்போல நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்துக் கைதட்டினேன். அவர் என்னைவிட நன்றாக இருமினார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.